நான்கு நியூட்ரான் கூடுதல்

ஏழு மாத வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி இலக்கியா கேட்டுக்கு வெளியே நின்றாள். கேட்டு பூட்டியிருந்தது. சாவி அவள் அம்மா அம்சவல்லியின் இடுப்பில் இருந்தது. அம்சவல்லி வாசற்படியை விட்டு இறங்குவதாக இல்லை.

"பெயிண்ட் அடிச்சிருக்குதும்மா. அந்த வாடை வயித்துப் பிள்ளைக்கு ஆவாது."

இலக்கியா கம்பிகளுக்கு நடுவே மூக்கை நீட்டி மோந்து பார்த்தாள். "உப்பு வாடைதாம்மா வருது."

"உள் ரூம்ல அடிச்சிருக்குது."

"எந்த ரூம்ல?"

"எல்லா ரூம்லயும்."

வளைகாப்புக்கு இன்னும் நாள் இருந்தது. பிறகு வருவதாகச் சொன்ன பெண், அம்மாவைப் பார்க்கவேண்டும் போலிருந்தது என்று பொம்மையார்பாளையத்து மாமியார் வீட்டிலிருந்து முன்கூட்டியே பஸ் ஏறி வந்துவிட்டாள். சொல்லாமல் வந்து சந்தோஷப்படுத்தலாம் என்று நினைத்தாளாம். அம்சவல்லி இருக்கிற இடத்திலேயே நின்று, அப்பாவின் ஷெட்டில் போய் உட்காரும்படி சொன்னாள். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கொடுத்தால் கை நீட்டவேண்டும், கை நீட்டினால் பக்கத்தில் போகவேண்டும். பெண் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்ததைப் பார்த்தபோது அவளுக்குத் தொண்டை அடைத்தது.

அடைத்த தொண்டைதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

அம்சவல்லி திண்டிவனத்தில் கல்லூரிக்குப் போய் வேதியியல் படித்தவள். அவள் கணவன் தெய்வசிகாமணிக்கு மரக்காணம் உப்பளத்தை ஒட்டி ஒரு ஷெட் இருந்தது. பாத்தியிலிருந்து வரும் உப்பைக் கழுவி, காயவைத்து, அரைத்து, அயோடின் தெளித்து, பாக்கெட் போடும் தொழில். தெளித்த அயோடின் சரியான அளவில் இருக்கிறதா என்று சோதிப்பது அம்சவல்லியின் வேலை. உப்பைக் கரைத்து மருந்து ஊற்றினால் கரைசல் நீலமாகும். கண்ணாடிக் குழாயிலிருந்து இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் அந்த நீலம் மறையும். எத்தனை சொட்டில் மறைந்தது என்பதை வைத்து அளவு சொல்லிவிடுவாள். பாக்கெட்டின் பெயர் 'அம்சா உப்பு'. அதன் மேல் சிரித்துக்கொண்டிருப்பவளும் அவள்தான். மாடலுக்கு எங்கே போவது என்று தெய்வசிகாமணி வீட்டுக்காரியையே நிற்கவைத்துப் படம் எடுத்து அச்சடித்துவிட்டான். படத்துக்குக் கீழே 'தொண்டைக்கு நல்லது' என்று எழுதிப் போட்டதும் அவன்தான்.

அந்தத் தொண்டைக்குத்தான் நோய் வந்தது. முதலில் கை நடுங்கியது. கண்ணாடிக் குழாயைப் பிடித்தால் சொட்டு குறி தவறியது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு ஓடிவந்தவளுக்கு அடிப்பதுபோல அடித்தது. ராத்திரியெல்லாம் வேர்த்துக் கொட்டியது. கணவனிடம் இரண்டு முறை சொன்னாள். மாலத்தீவுக்கு முதன்முதலாக உப்பு அனுப்பும் ஆர்டருக்காக அலைந்துகொண்டிருந்தவன், முதல் முறை டீயைக் குறைக்கச் சொன்னான். இரண்டாம் முறை போனில் பேசிக்கொண்டே தலையை ஆட்டினான். மூன்றாம் முறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. பெருமுக்கல் மலைக்கோயிலுக்கு நேர்த்திக்கடன் என்று சொல்லிவிட்டுப் புதுச்சேரிக்குப் போய் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினாள். தைராய்டு சுரப்பி தறிகெட்டு வேலை செய்கிறது என்றார்கள். மறுபடி மறுபடி நேர்த்திக்கடன் வந்தது. ஒவ்வொரு முறையும் திரும்பும்போது கடையில் திருநீற்றுப் பொட்டலம் வாங்கி வந்தாள். தெய்வசிகாமணி அதை நெற்றி நிறையப் பூசிக்கொண்டு போனான்.

மருந்து ஒரே ஒரு மாத்திரை என்றார்கள். அதுவும் அயோடின்தான். அதற்கு முன்னால் சில நாள் அயோடின் உப்பே சேர்க்கக்கூடாது என்றதால், ஊருக்கெல்லாம் பாக்கெட்டில் சிரித்துக்கொண்டிருந்தவள், அயோடின் தெளிப்பதற்கு முன்னாலேயே ஷெட்டிலிருந்து உப்பை முந்தானையில் முடிந்துவந்து சமைத்துச் சாப்பிட்டாள்.

மாத்திரையைக் கொடுத்தவர் பிரபாகரன் என்ற ஊழியர். ஈயச் சிமிழுக்குள்ளிருந்து நீள இடுக்கியால் எடுத்து, முடிந்த மட்டும் தள்ளி நின்று நீட்டினார். அவர் கையால் தொடப் பயந்ததை அவள் விழுங்கினாள். படித்தவள் என்பதால் அவர் விவரமாகவே சொன்னார். அணுவின் நடுவில் உட்கார்ந்திருக்கிற கருவில் ஐம்பத்து மூன்று புரோட்டான் இருந்தால் அது அயோடின். அந்த எண்ணிக்கை மாறினால் பேரே மாறிவிடும். கூட இருக்கிற நியூட்ரான் எத்தனை என்பதில்தான் வேறுபாடு. உப்பில் தெளிக்கிற அயோடினுக்கு எழுபத்து நான்கு. மாத்திரையில் இருப்பதற்கு எழுபத்தெட்டு. அந்த நான்கு நியூட்ரான் அதிகமானதால் கரு நிலைகொள்ளாமல், கதிரை வீசிவிட்டு வேறொன்றாக மாறிவிடுகிறது. சுரப்பிக்கு இரண்டும் ஒன்றுதான், ஆசையாக இழுத்துக்கொள்ளும். உள்ளே போன பிறகு கதிர் அதன் வேகத்தை அடக்கும்.

தன் கண்ணாடிக் குழாயில் ஊற்றினால் இதுவும் அதே நீலம்தான் காட்டும் என்று அம்சவல்லி நினைத்துக்கொண்டாள். நிறமும் ஒன்று, குணமும் ஒன்று. எடை போட்டால் தெரியும். இல்லாவிட்டால் அது வீசுகிற கதிரைப் பிடித்துப் பார்த்தால் தெரியும்.

பிறகு அவர் சொன்னதுதான் முக்கியம். அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அடங்கும். சில வாரம் குழந்தைகளிடமும் கர்ப்பிணிகளிடமும் நெருங்கவே கூடாது. வயிற்றுப் பிள்ளைக்கும் அந்தச் சுரப்பி இருக்கும், அதுவும் அயோடினைத் தேடும். தனியாகப் படுக்கவேண்டும், துணியைத் தனியாகத் துவைக்கவேண்டும். மகளுக்கு வளைகாப்பு வரப்போகிறது, தள்ளிப் போடலாமா என்று அம்சவல்லி கேட்டாள். மருந்து வைத்திருந்தால் நாளுக்கு நாள் வீரியம் குறைந்துபோகும், உங்களுக்காகத்தான் மும்பையிலிருந்து வந்திருக்கிறது என்றார் அவர். கணக்குப் போட்டுப் பார்த்தாள். வளைகாப்புக்குள் முடிந்துவிடும் போலிருந்தது. விழுங்கிவிட்டாள்.

இலக்கியா முன்னாலேயே வந்து நிற்பாள் என்று அவள் போட்ட கணக்கில் இல்லை.

மகள் ஷெட்டுக்குப் போனதும், அவள் அப்பாவை அழைத்துக்கொண்டு வருவதற்குள் பொய்யை உண்மையாக்கிவிடவேண்டும் என்று அம்சவல்லிக்குத் தோன்றியது. பின்கட்டில் ஷெட் கதவுக்கு அடித்து மிச்சமான பச்சைப் பெயிண்ட் அரை டப்பா கிடந்தது. தேங்காய் நார்த் துண்டை எடுத்துக்கொண்டு கூடத்துச் சுவரில் இழுக்க ஆரம்பித்தாள். கை நடுக்கத்தில் சுவர் பாசி பிடித்த குளத்தங்கரை மாதிரி ஆயிற்று. பாதிச் சுவர் முடிவதற்குள் டூவீலர் சத்தம் கேட்டது. சாவியை எடுத்துக் கேட்டருகில் வைத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

தெய்வசிகாமணி மட்டும் பூட்டைத் திறந்துகொண்டு வாசலுக்கு வந்தான். சுவரைப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான்.

"கூடத்துக்குப் போய் இந்தக் கலரா?"

"கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும்னு."

அவன் நல்ல மனிதன், சண்டை போடவில்லை. வாடை போகிறவரை நாலு பேருமாக ஷெட் ரூமில் தங்கிக்கொள்ளலாம் என்றான். நாலாவது ஆள் யார் என்றால், வயிற்றில் இருக்கும் பேரப்பிள்ளை. அதை அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். ஒரே ரூம். பெண் பக்கத்தில் வந்து படுப்பாள். மடியில் தலை வைப்பாள். பெயிண்டைவிடப் பெரிய பொய் வேண்டியிருந்தது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"எனக்கு அம்மை போட்டிருக்குதுங்க."

தெய்வசிகாமணி ஒரு அடி பின்வாங்கினான். உடனே திரும்பிப் போய்க் கேட்டில் நின்ற மகளிடம், உள்ளே வராதே என்றான். அம்மை என்றால் கர்ப்பிணி நெருங்கக்கூடாது என்பது ஊரில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அம்சவல்லிக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் ஆத்தா பெயரில் பொய் சொல்லிவிட்டோமே என்று அன்று சாயங்காலம் முழுக்க மனம் உறுத்தியது. மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். உண்மையாகவே வந்துவிடப் போகிறது என்றும் பயந்துகொண்டாள்.

இலக்கியாவை அப்பா பொம்மையார்பாளையத்துக்கே கூட்டிப்போய் விட்டுவந்தான். வருகிற வழியில் வேப்பிலை ஒடித்து வந்து வாசலில் செருகினான். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கையில் ஒரு பாயும் இருந்தது.

"எனக்கு சின்ன வயசுலயே வந்து போயிடுச்சு. இன்னொரு தபா வராது. நான் பக்கத்துலயே இருந்து பாத்துக்குறேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை அவன் சொன்னதில்லை. சொன்ன நேரம்தான் சரியில்லை. அம்சவல்லி அவனை உள்ளே விடாமல் இருக்க வழி தேடினாள். மாலத்தீவு லோடு மறுநாள் துறைமுகத்துக்குப் புறப்படவேண்டும். முதல் லோடு, முதலாளி கூடப் போகாவிட்டால் மரியாதை இருக்குமா, பக்கீரை மட்டும் நம்பி அனுப்பலாமா என்று ஜன்னலுக்குள்ளிருந்தே எடுத்துச் சொன்னாள். டிரைவர் பக்கீர் முஹம்மது அந்த ஷெட்டுக்கு லாரி ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து ஒரு மூட்டை குறைந்ததில்லை. இருந்தாலும் சொன்னாள். தெய்வசிகாமணிக்கு மனமில்லை. ஆனால் முதல் லோடு என்ற பேச்சு அவனை இழுத்தது. மறுநாள் லாரியில் ஏறிப் போனான். அம்சவல்லி கதவைத் திறந்து வெளியே வந்து மூச்சு விட்டாள். மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த தலையணையைக் காணோம். வேர்வையில் ஊறிப்போன இலவம்பஞ்சுத் தலையணை. துவைக்க முடியாது என்று தனியாக வெயிலில் வைத்திருந்தாள். நாய் இழுத்துக்கொண்டு போய் உப்புப் பாத்தியில் போட்டிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

லாரி போன வேலையை முடிக்காமல் ஒரு நாள் தாமதமாக, உப்போடு திரும்பி வந்தது. கப்பல் போய்விட்டது, அடுத்த கப்பலில்தான் போகும் என்று ஷெட்டில் பேசிக்கொண்டார்கள். பக்கீர் சாவி கொடுக்க வீட்டுப் பக்கம் வந்தவர், கேட்டுக்கு வெளியிலேயே நின்று, துறைமுக வாசலில் கதிர் கண்டுபிடிக்கிற கருவி நம் லாரியைப் பார்த்துக் கத்திவிட்டது என்று சொன்னார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் வருவார் என்றார்.

 தன்னால்தான், தன் உடம்பிலிருந்து எப்படியோ ஏதோ லாரியில் ஒட்டிக்கொண்டு போய்விட்டது என்று அம்சவல்லி நினைத்தாள். இப்போது சொல்லிவிடவேண்டியதுதான் என்று வார்த்தைகளைக் கூட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தெய்வசிகாமணி வந்தான். போனவன் வேறு, வந்தவன் வேறு மாதிரி இருந்தான். முகம் சவரம் செய்யாமல் வாடியிருந்தது. முற்றத்தின் மறுகோடியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மிஷின் கத்துச்சாமே?" என்றாள் அவள்.

 பக்கீர் வீட்டுக்கு வாங்கி லாரியில் வைத்திருந்த வாழைத்தார்தான் காரணம் என்றான். வாழைப்பழத்தில் பொட்டாசியம் இருக்கிறதாம், அதில் ஒரு வகை கதிர் வீசுமாம். ஐசோடோப்பு என்று அதற்குப் பேராம். உப்பையும் லோடையும் தவிர வேறு எதையும் பற்றிப் பேசியறியாத மனிதன், ஒரு கையை விரித்து வைத்துக்கொண்டு விளக்கினான்.

"எல்லாத்துக்கும் கரு ஒண்ணு இருக்குதாம். அது வீசுற கதிருக்கு தனித்தனியா ஒரு அளவு இருக்குதாம், கையெழுத்து மாதிரி. அந்த மிஷின் அந்த அளவைப் படிச்சுட்டு, இன்னதுதான்னு பேரோட காட்டிடுது."

சொல்லிவிட்டு அவன் நிறுத்தினான். அவள் ஏதாவது கேட்பாள் என்பதுபோல நிமிர்ந்து பார்த்தான்.

அம்சவல்லி படித்த படிப்பு உள்ளே எழுந்து நின்று கை தூக்கியது. வாழைப்பழத்தில் பொட்டாசியம் நாற்பது என்ற அந்த வகை இருப்பது உண்மைதான். ஆனால் ஒற்றை வாழைத்தாருக்கா அத்தனை பெரிய கருவி கத்தும்? என்ன பெயர் காட்டியது என்று கேட்டிருந்தால் போதும். அவள் அந்தக் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டாள். தப்பித்தோம் என்ற நிம்மதி அவளுக்குப் பெரிதாக இருந்தது.

"இனிமே லாரில வாழைத்தார் ஏத்த வேணாம்னு சொல்லுங்க," என்றாள்.

அவன் தலையாட்டினான். அன்றிலிருந்து பாயை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கே படுக்கப் போய்விட்டான். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்றவன், இரண்டே நாளில் அம்மைக்குப் பயந்துவிட்டான் என்று அம்சவல்லிக்கு ஆத்திரம் வந்தது. தானே துரத்திவிட்டு, போனதற்காகத் தானே கோபித்துக்கொள்வது நியாயமில்லை என்று தெரிந்தும் வந்தது. மூன்று வேளையும் சாப்பாடு வாசற்படிக்கு வந்தது. ஷெட்டில் பாக்கெட் ஒட்டுகிற சின்னப்பாப்பா, கேட்காமலே காலையில் ஒரு கொத்து வேப்பிலையைக் கேட்டில் செருகிவிட்டுப் போனாள்.

அம்மை என்றால் சும்மா விடுவார்களா? ஊர் நர்ஸ் ஜான்சி ஒரு நாள் பத்து மணிக்கு வந்து நின்றாள். கொப்புளம் எங்கே என்று பார்க்கவேண்டும் என்றாள். அம்சவல்லி குளிக்கிறேன் என்று உள்ளிருந்தே குரல் கொடுத்துவிட்டு, கொப்புளத்துக்கு வழி தேடினாள். அலமாரியில் காயத்துக்குப் போடுகிற அயோடின் மருந்து இருந்தது. கையில் எடுத்த பிறகுதான் இன்னும் கொஞ்ச நாளைக்கு அதைத் தொடக்கூடாது என்பது நினைவு வந்தது. குங்குமத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து முகத்திலும் கழுத்திலும் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். நோயின் புழுக்கமும் வெயிலின் புழுக்கமும் சேர்ந்து வேர்த்தது. நர்ஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கொப்புளம் நெற்றியிலிருந்து கிளம்பி மூக்கு வழியாக மோவாய்க்கு இறங்கியது.

ஜான்சி அதையே பார்த்தாள். சிரிக்கவில்லை. நன்றாக ஓய்வெடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், துணியைத் தனியாகத் துவையுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். கெட்டிக்கார நர்ஸ் என்று பேர் வாங்கியவள் இப்படி ஏமாறுகிறாளே என்று அம்சவல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் போட்ட கணக்கு ஒன்று தப்பாகிப் போனது. மேல் பரிசோதனைக்குப் போன் செய்தபோது, இன்னும் சில நாள் கர்ப்பிணியிடமிருந்து தள்ளியே இருப்பதுதான் நல்லது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வளைகாப்பு அதற்குள் வந்துவிடும். மாமியார் வீட்டில் நல்ல நாள் பார்த்துவிட்டார்கள். அம்மை போட்ட வீட்டில் வைக்கமுடியாது என்பதால் விழா பொம்மையார்பாளையத்திலேயே என்று ஆயிற்று.

முந்தின நாள் இலக்கியா வந்தாள். ஆட்டோவை நிறுத்தி வைத்துவிட்டு, கேட்டுக்கு வெளியே, சரியாகத் தள்ளி, சாலை ஓரத்தில் நின்றாள். நிழல் இல்லாத இடம். அம்சவல்லி ஜன்னலுக்கு வந்தாள். மகளுக்குக் கன்னம் உப்பி, முகம் அழகாகி இருந்தது. அங்கிருந்தே பார்த்துப் பார்த்து நிறைத்துக்கொண்டாள்.

"அம்மை இறங்கிடுச்சாம்மா?"

"இன்னும் பொக்கு உதிரல."

இலக்கியா தலைக்கு முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். போகவில்லை. ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்தார். அப்போதும் போகவில்லை.

"எங்கிட்ட சொல்றதுக்கு ஏதாவது இருக்குதாம்மா?"

நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் இப்போது சொன்னால் பெயிண்டையும் சொல்லவேண்டும், அம்மையையும் சொல்லவேண்டும், குங்குமத்தையும் சொல்லவேண்டும். நாளைக்கு வளைகாப்பு வைத்துக்கொண்டு பெண் மனம் கலங்கிப் போவாள். அம்மாவுக்கு என்ன ஆகுமோ என்று வயிற்றுப் பிள்ளையோடு அழுவாள். எல்லாம் முடிந்த பிறகு ஆற அமரச் சொல்லிக்கொள்ளலாம்.

"என்ன இருக்குது சொல்றதுக்கு. வெயில்ல நிக்காத, போய் ரெஸ்ட் எடு."

மகள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கையை ஆட்டாமல் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

வளைகாப்பை அம்சவல்லி போனில் பார்த்தாள். தெய்வசிகாமணி வீடியோ பிடித்தான். பாதி நேரம் பந்தல் கம்பும் யாரோ ஒருவரின் முதுகும் தெரிந்தன. மாமியார் முதல் வளையலைப் போட்டபோது படம் நின்றுவிட்டது. திரும்ப வந்தபோது இரண்டு கையும் முழங்கை வரை நிறைந்திருந்தன. இலக்கியா போனைப் பார்த்துச் சிரித்தாள், சிரிப்பு சட்டென்று உடைந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா வராததால் கோபம் என்று அம்சவல்லி எடுத்துக்கொண்டாள். கோபப்படட்டும், நியாயம்தானே என்றும் நினைத்தாள். எலுமிச்சை சாதம் தன் கையால் கிளறவேண்டும் என்று எத்தனை நாளாக நினைத்திருந்தாள். பச்சைச் சுவருக்கு எதிரே தனியாக உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

பிறகு ஒரு நாள் புதுச்சேரிக்குப் போனாள். பிரபாகரன் ஒரு சின்னக் கருவியைக் கழுத்தருகே பிடித்துப் பார்த்துவிட்டு, இனி பயமில்லை, யாரிடம் வேண்டுமானாலும் போகலாம் என்றார். கை நடுக்கமும் குறைய ஆரம்பித்திருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க, பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, சொல்லப்போவதை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். முதலில் கணவனிடம், பிறகு மகளிடம். எதையும் விடாமல் சொல்லிவிடுவது.

ஷெட்டில் இறங்கினாள். தெய்வசிகாமணி, அடுத்த கப்பலுக்கான லோடைக் கொண்டுபோயிருந்தான். உள்ளே சின்னப்பாப்பா மட்டும் உட்கார்ந்து பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தாள். மிஷின் ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் பாக்கெட்டிலிருந்த அம்சவல்லியின் நெற்றிக்கு மேல் ஒரு கோடு விழுந்தது.

கூட்டிவைத்த வார்த்தைகளை வீடுவரை தூக்கிப்போக அவளுக்குத் தெம்பில்லை. சின்னப்பாப்பா எதிரிலேயே உப்பு மூட்டைமேல் உட்கார்ந்து கொட்டிவிட்டாள். அம்மை இல்லை, தைராய்டு என்றாள். மாத்திரை விழுங்கியதைச் சொன்னாள். ஐம்பத்து மூன்று புரோட்டானையும் எழுபத்தெட்டு நியூட்ரானையும்கூடச் சொன்னாள். அது சின்னப்பாப்பாவுக்கு எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. ஊரையே ஏமாற்றிவிட்டேன் என்று முடித்தாள்.

சின்னப்பாப்பா கையிலிருந்த பாக்கெட்டை ஒட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"தெரியும் அண்ணி. அன்னிக்கு மிஷின் கத்துனது வாழைத்தாருக்கு இல்ல, உங்க தலகாணிக்கு."

துறைமுகத்தில் ராத்திரி வரிசையில் நிற்கவேண்டியிருக்குமே, தலைக்கு ஆகும் என்று மாடியிலிருந்து அதை எடுத்து லாரியில் போட்டுக்கொண்டது அண்ணன்தான் என்றாள். கருவியில் அயோடின் பெயர் நம்பரோடு வந்ததாம். அயோடின்தானே, எங்கள் உப்பில் இருப்பதுதான் என்று அண்ணன் வாதாடினாராம். இது அந்த அயோடின் இல்லை, வீட்டில் யாருக்காவது தைராய்டுக்கு மருந்து கொடுத்தார்களா என்று அதிகாரி கேட்டதும், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். வந்தவர் நர்சம்மாவிடம் விவரம் கேட்டுக்கொண்டு, தள்ளிப்போய் ஷெட்டில் படுத்துக்கொண்டார். தினமும் ஒரு கொத்து வேப்பிலை கொண்டுபோய்ச் செருகச் சொன்னவரும் அவர்தான்.

அம்சவல்லி மூட்டையிலிருந்து எழுந்துவிட்டாள். "அப்புறம் ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"கை நடுங்குதுன்னு அது ரெண்டு தபா சொல்லி நான் காதுல போட்டுக்கல, இப்ப எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கேக்குறதுன்னாரு. அதுவா சொல்ற வரைக்கும் யாரும் வாயத் தொறக்கக்கூடாதுன்னுட்டாரு."

வெளியே உப்புக் குவியல்மேல் வெயில் கண்ணைக் கூசவைத்தது. அம்சவல்லி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, மெல்ல, இலக்கியாவுக்கு இதெல்லாம் தெரியாதில்லையா என்று கேட்டாள்.

சின்னப்பாப்பா அடுத்த பாக்கெட்டைக் கையில் எடுத்தாள். அதை ஒட்டாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா வளைகாப்பைத் தள்ளி வெச்சிக்கலாம்னு மாமியார் வூட்ல சம்மதம் கேட்டு வாங்கிக்கினுதான் அண்ணி, இலக்கியா பாப்பா அன்னிக்கு அம்மாம் நேரம் வெயில்ல வந்து நின்னுச்சு."